கிட்னி கேட்பேன்னு பயப்படுறாங்களோ?

கேள்வி: வயது 42. எட்டு மாதமாக செவ்வாய், வியாழன், சனி காலையில் டயாலிசிஸ். முதல் மாதம் வீடு நிறைய வந்த நண்பர்கள் இப்போது போன்கூடப் பண்ணுவதில்லை. போன மாதம் எனக்குச் சொல்லாமலே குற்றாலம் போய்வந்திருக்கிறார்கள். நானே கூப்பிட்டால் கெஞ்சுவதுபோல் ஆகிவிடாதா?
- வாசகர், விருதுநகர்

பதில்: கூப்பிடுங்கள், கெஞ்சல் இல்லை. நான்கு மணி நேரத்தில் இரண்டு மூன்று லிட்டர் நீரை எடுத்ததும் பிரஷர் இறங்கி, சாயங்காலம் வரை தலை தூக்க முடியாமல் போகலாம். அந்த நேரத்தில் வந்த போனை எடுத்திருக்க மாட்டீர்கள். இரண்டு மூன்று தடவை எடுக்காவிட்டால், 'பாவம், தொந்தரவு பண்ண வேண்டாம்' என்று விட்டுவிடுவார்கள். கிட்னி கேட்பானோ, கடன் கேட்பானோ என்ற பயமும் சிலருக்கு உண்டு. வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். (நெருங்கிய உறவில்லாதவர் தானம் தர அங்கீகாரக் குழுவின் அனுமதி வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது.)

'எப்ப வேணா வாடா' என்றால் யாரும் வருவதில்லை. குரூப்பில் போடாமல் ஒருவருக்கு மட்டும் அனுப்புங்கள்: "ஞாயிறு காலை 10 மணி, நம்ம டீக்கடை, அரை மணி நேரம். கிட்னியும் வேண்டாம், கடனும் வேண்டாம், நீ வா." கிரியாட்டினின் (ரத்தத்தில் சேரும் கழிவு) கணக்கெல்லாம் அதில் வேண்டாம். ஞாயிறுதான் உங்களுக்குத் தோதான நாள். சனிக்கிழமைக் களைப்பு தூங்கி எழுந்தால் தீர்ந்திருக்கும். திங்கள் சாயங்காலத்துக்குள் நீர் சேர்ந்து மூச்சு வாங்கலாம். அரை கிளாஸ் டீ குடித்தாலும் அன்றைய தண்ணீர்க் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிஸ்டுலா கையை (டயாலிசிஸ் ஊசி போட ரத்தக்குழாய்களை இணைத்திருக்கும் கை) பிடித்து இழுக்கக் கூடாது, அதில் பை மாட்டக் கூடாது என்பதை வந்தவுடன் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் தொடவே பயப்படுவார்கள்.

குற்றாலமும் முடியும், டாக்டர் சரி என்றால். ஞாயிறு விடியக் கிளம்பி இரவே திரும்பும்படி அடுத்த பயணத்தை நீங்களே திட்டமிடுங்கள். அருவி பிஸ்டுலா கையில் அடிக்க வேண்டாம். கழுத்தில் டயாலிசிஸ் டியூப் இருந்தால் அருவிக் குளியலே கூடாது. கூடுதல் நாள் தங்குவதென்றால் இரண்டு வாரம் முன்பே அந்த ஊர் சென்டரில் இடம் கேளுங்கள். ஹெபடைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. ரிப்போர்ட்டும், உலர் எடை (கூடுதல் நீரை எடுத்த பின் இருக்க வேண்டிய எடை), ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) அளவு எழுதிய கடைசி டயாலிசிஸ் குறிப்புகளும் கேட்பார்கள்.

இரண்டு முறை அழைத்தும் பதில் இல்லாதவரை விட்டுவிடுங்கள். பக்கத்துக் கட்டில்காரரின் நம்பரை வாங்கினீர்களா? அவருக்கும் ஞாயிறு ஓய்வுதான்.

கேள்வி: டயாலிசிஸ் செய்யும் தோழியைப் பார்க்க இளநீர், ஆரஞ்சு வாங்கிப் போகலாமா?
- வாசகி, சிவகாசி

பதில்: இரண்டும் வேண்டாம், வாழைப்பழமும் வேண்டாம். பொட்டாசியம் அதிகம்; கிட்னி அதை வெளியேற்றாததால் இதயத் துடிப்பே தடுமாறலாம். அவர் அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டுச் சிரிப்பார், உங்களுக்குச் சங்கடமாக இருக்கும். வெறுங்கையோடு போங்கள். டயாலிசிஸ் முடிந்து வீடு திரும்பும்போதுதான் தலை சுற்றும், "வியாழக்கிழமை கூட்டிவர நான் வரட்டுமா?" என்று கேளுங்கள்.