அந்தக் காபியை யார் குடித்தது?

கேள்வி: வயது 27. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். வீடு திரும்ப இரவு 9 ஆகிவிடும். மூன்று வருடமாகப் புத்தாண்டில் தீர்மானம் எடுத்து, பொங்கல் தாண்டுவதற்குள் விட்டுவிடுகிறேன். இந்த வருடம் ஐந்து: காலை 4.30க்கு எழுவது, அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வில் பாஸாவது, மூன்று மாதத்தில் 15 கிலோ குறைப்பது, மாதம் 10,000 ரூபாய் சேமிப்பது, ஸ்போக்கன் இங்கிலீஷ். அம்மா 4 மணிக்கே எழுந்து காபி போட்டு எழுப்பிவிடுவார். ஆனாலும் முடியவில்லை. மன உறுதியை வளர்ப்பது எப்படி?

பதில்: மன உறுதியைப் பார்க்க வேண்டுமானால் விடியற்காலை 4 மணிக்கு உங்கள் வீட்டு அடுப்படிக்குப் போய்ப் பாருங்கள், தம்பி.

அம்மாவுக்கு என்ன வயது, முட்டி வலி உண்டா, எத்தனை மணிக்குப் படுக்கிறார் என்று ஒரு வரி எழுதவில்லை. ஐந்து தீர்மானத்தில் ஒன்றுகூட அவரைப் பற்றியது இல்லை. நீங்கள் போர்வையை இழுத்து மூடிக்கொண்ட பிறகு அந்தக் காபி என்ன ஆயிற்று? ஆடை படிந்து ஆறிப்போனதை அவரேதான் சுடவைத்துக் குடித்திருப்பார். இன்றைக்காவது பிள்ளை எழுவான் என்று மறுநாளும் எழுந்திருப்பார். உங்கள் தீர்மானத்தை மூன்று வருடமாக அவர் தலையில் கட்டியிருக்கிறீர்கள். இதைப் பாசம் என்று சொல்லிக்கொள்ளாதீர்கள். சம்பாதிக்கிற மகன் இருக்கிற வீட்டில் தாய்க்குத் தூக்கம் கூட வேண்டும், குறையக் கூடாது.

இன்று ராத்திரியே சொல்லிவிடுங்கள்: “நாளையிலிருந்து என்னை எழுப்ப வேண்டாம், நீ தூங்கும்மா.” அலாரம் வைத்து போனை அடுப்படியில் வையுங்கள். எழுந்து போய் அணைத்துவிட்டு, காபியை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ராத்திரி 9 மணிக்கு வருகிறவருக்கு 4.30 எதற்கு? 5.30 போதும்.

ஐந்தில் குரூப் 4 மட்டும் இருக்கட்டும். 200 கேள்வி, 300 மதிப்பெண். அதில் பாதி தமிழ். தமிழில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். அதனால் ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் தொடங்குங்கள். பாஸாவது உங்கள் கையில் மட்டும் இல்லை, லட்சக்கணக்கானவர்கள் எழுதுகிற தேர்வு அது. ஏப்ரலுக்குள் பத்தாம் வகுப்பு வரை ஐந்து புத்தகத்தையும் ஒரு முறை முடிப்பது முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. ஷிப்மென்ட் நெருக்கடியில் இரண்டு நாள் போனால், மூன்றாம் நாள் விட்ட பக்கத்திலிருந்து படியுங்கள். முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போகிறவர்கள்தான் பொங்கலோடு நிறுத்துகிறார்கள்.

எடை, இங்கிலீஷ் இரண்டும் தேர்வுக்குப் பிறகு. சேமிப்புக்கு மன உறுதி வேண்டியதில்லை. அஞ்சலகத்தில் மாதம் 100 ரூபாயிலிருந்தே ஆர்.டி. என்கிற மாதாந்திரச் சேமிப்புக் கணக்கு போடலாம், முடிந்ததைப் போடுங்கள்.

ஜனவரி முதல் ஞாயிற்றுக்கிழமை, அம்மா தானாக எழுகிற வரை காத்திருந்து, நீங்கள் போட்ட காபியைக் கொண்டுபோய்க் கொடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, முட்டி வலிக்கிறதா, ராத்திரி தூக்கம் வருகிறதா என்று கேளுங்கள். ஒன்றுமில்லை என்றுதான் முதலில் சொல்வார். திரும்பக் கேளுங்கள். அவர் சொன்னதை எனக்கு எழுதுங்கள்.