ரோமர் 13 மௌனத்தையா கேட்கிறது?

அன்புள்ள ஐயாவுக்கு,

எங்கள் சபையில் வேதாகமத்தின் ரோமர் நிருபம் 13ஆம் அதிகாரத்தைப் பிரசங்கித்த போதகர், 'தேவனாலேயன்றி ஒரு அதிகாரமுமில்லை' என்ற வசனத்தை வைத்து, அரசைக் குறை கூறுவதே பாவம் என்றார். நான் வரியை ஒழுங்காகக் கட்டுகிறவன், சட்டத்தை மதிக்கிறவன். ஆனாலும் மனம் ஒப்பவில்லை. அநியாயம் நடந்தாலும் வாய் திறக்கக் கூடாதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

திறக்கலாம். அந்த வசனத்தை எழுதிய அப்போஸ்தலர் பவுலே திறந்தார்.

அப்போஸ்தலர் நடபடிகள் 16ஆம் அதிகாரத்தைப் படியுங்கள். பிலிப்பி பட்டணத்தில் பவுலையும் சீலாவையும் விசாரணையே இல்லாமல் ஊரறிய அடித்து, தொழுமரத்தில் மாட்டிச் சிறையில் வைக்கிறார்கள். நள்ளிரவில் பூமி அதிர்ந்து கதவுகளெல்லாம் திறந்துகொள்கின்றன. இருவரும் ஓடவில்லை. கைதிகள் தப்பிவிட்டார்கள் என்று எண்ணித் தன்னையே வெட்டிக்கொள்ளப் போன சிறைச்சாலைக்காரனைப் பவுல்தான் கூவித் தடுக்கிறார். விடிந்ததும் அவர்களை விட்டுவிடும்படி அதிகாரிகள் ஆளனுப்புகிறார்கள். பவுல் நகர மறுக்கிறார். ரோமக் குடிமக்களை விசாரியாமல் அடித்துவிட்டு இரகசியமாக அனுப்புவதா, அவர்களே வந்து அழைத்துப்போகட்டும் என்கிறார். அதிகாரிகள் பயந்துபோய் நேரில் வந்து வேண்டிக்கொள்கிறார்கள்.

கீழ்ப்படிதலுக்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் அறியேன். சட்டத்தை மதித்து ஓடாமல் இருந்தவரே, சட்டத்தை மீறிய அதிகாரிகளுக்குப் பணிய மறுத்தார்.

ரோமர் நிருபம் ஏறத்தாழ கி.பி. 57இல், நீரோவின் ஆட்சியில் எழுதப்பட்டது. அந்த அரசுக்கும் வரி செலுத்தச் சொன்னார் பவுல். அதில் தயக்கமே இல்லை. ஆனால் நான்காம் வசனம், அதிகாரி இருப்பது உன் நன்மைக்காக என்று காரணத்தையும் சொல்கிறது. இந்தக் காரணத்தை விட்டுவிட்டு முதல் வசனத்தை மட்டும் பிரசங்கிப்பது ஆபத்தானது. தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசு அப்படித்தான் ரோமர் 13ஐத் தனக்குக் கேடயமாக்கிக்கொண்டது. அங்கிருந்த இறையியலாளர்களே 1985இல் 'கைரோஸ் ஆவணம்' என்ற அறிக்கையில் அதை வெளிப்படையாகக் கண்டித்தார்கள்.

பாவம் செய்யும்படி ஆணை வந்தால் கேள்வி கேட்பதோடு நின்றுவிட முடியாது, மறுத்தே ஆக வேண்டும். எபிரெயருக்குப் பிறக்கும் ஆண்குழந்தைகளைக் கொல்லச் சொன்ன எகிப்திய மன்னன் பார்வோனுக்கு மருத்துவச்சிகளான சிப்பிராளும் பூவாளும் கீழ்ப்படியவில்லை. யாத்திராகமம் அவர்களைப் புகழ்கிறது.

ஒன்றில் உங்கள் போதகரோடு நிற்கிறேன். ஆள்வோரை வசைபாடுவது நமக்குத் தகாது. 'ராஜாவைக் கனம்பண்ணுங்கள்' என்று பேதுரு எழுதினார். அதே பேதுருதான் யூதரின் ஆலோசனைச் சங்கத்தின் முன் நின்று, மனுஷருக்குக் கீழ்ப்படிவதைவிட தேவனுக்குக் கீழ்ப்படிவதே அவசியம் என்றார். அதற்காக அடிபட்டார், பிரசங்கிப்பதை நிறுத்தவில்லை.