வ்ரோட்ஸ்வாஃபில் வண்ணம் பார்க்க: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

போலந்தின் தென்மேற்கில், ஓட்ரா ஆற்றங்கரையில் இருக்கும் வ்ரோட்ஸ்வாஃப் நகரில் ஆறு வருடம் குடியிருந்தேன். வேலை நேரம் கணினி முன்னால் போகும், மற்ற நேரமெல்லாம் நடைதான். அந்த ஊரின் வண்ண வீடுகளையும் பூங்காக்களையும் பற்றி எதையும் கேளுங்கள் என்றேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, முதலில் பெயரை எப்படிச் சொல்வது? ஆங்கில எழுத்தில் பார்த்தால் ‘விரோக்லா’ என்றுதான் வாய்க்கு வருகிறது. (பெர்லினிலிருந்து)

வ்ரோட்ஸ்வாஃப். அந்த ஊர் எழுத்தில் குறுக்குக் கோடு போட்ட ‘எல்’ நம் ‘வ’ போல ஒலிக்கும், ‘சி’ ‘ட்ஸ்’ ஆகும். முதல் மாதம் நானும் விரோக்லா என்றுதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன், யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. 1945 வரை இது ஜெர்மனியின் நகரம், பெயர் பிரெஸ்லாவ். பெர்லினிலிருந்து ரயிலில் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். வார இறுதிக்குத் தாராளமாக வரலாம்.

கேள்வி: இரண்டு நாள்தான் இருக்கிறது. எங்கே ஆரம்பிக்க? படம் நன்றாக வர வேண்டும். (ஸ்டுட்கார்ட்டிலிருந்து)

ரினெக்கில். 13ஆம் நூற்றாண்டில் வகுத்த சந்தைச் சதுக்கம் அது. சதுக்கம் என்றதும் நடுவில் வெட்டவெளி இருக்கும் என்று நினைக்காதீர்கள். நடுவிலேயே நகர மன்றக் கட்டடமும் ஒரு வீட்டுத் தொகுதியும் அதற்குள் சந்துகளும் இருக்கின்றன. அதனால் நாலு பக்கமும் ஒரே பார்வையில் அகப்படாது, சுற்றித்தான் வர வேண்டும்.

காலையில் ஏழு, எட்டு மணிக்குப் போங்கள். மேற்கு வரிசை வீடுகள் கிழக்கு பார்த்தவை என்பதால் காலை வெயில் நேராக முகப்பில் விழும். அந்த வரிசையில் இரண்டு வீடுகளைத் தவற விடாதீர்கள். ஒன்று ‘ஏழு தேர்வாளர்கள்’ வீடு. ஜெர்மானியப் பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்ற ஏழு பேரையும் பேரரசர் லியோபோல்டையும் 17ஆம் நூற்றாண்டில் சுவரிலேயே ஓவியமாகத் தீட்டினார்கள். தூரத்திலிருந்து தூணும் சிற்பமும் போலத் தெரியும், பக்கத்தில் போனால் எல்லாம் வண்ணப்பூச்சு. இன்னொன்று ‘கிரிஃபின்’ வீடு. அதன் படிப்படியான உச்சிச் சுவரில், பாதி கழுகும் பாதி சிங்கமுமான அந்த விலங்கு ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருக்கும். நகர மன்றத்தின் கிழக்கு முகப்பில் 1580ஆம் ஆண்டு வானியல் கடிகாரம் இருக்கிறது. அதற்கும் காலை வெளிச்சம்தான் சரி. தெற்கு வரிசை வீடுகள் வடக்கு பார்த்து நிற்பதால் பெரும்பாலும் நிழலிலேயே இருக்கும். மேகமூட்டமான நாளில்தான் அவற்றின் நிறம் சரியாகப் படத்தில் வரும்.

வடமேற்கு மூலையில் கைகோத்தாற்போல் ஒரு வளைவால் இணைந்த இரண்டு குட்டி வீடுகள் நிற்கும். ஊர்க்காரர்கள் அவற்றை யாஷ், மவ்கோஷா என்பார்கள், ஜெர்மானியச் சிறுவர் கதையில் வரும் அண்ணன் தங்கை ஹான்ஸலும் கிரெட்டலும்தான். பின்னால் நிற்கும் எலிசபெத் தேவாலயக் கோபுரம் 91 மீட்டர் உயரம். முந்நூறு படி போல ஏறினால் மொத்தச் சதுக்கமும் வண்ணப் பென்சில் டப்பாவைத் திறந்து வைத்தது போலக் கீழே கிடக்கும். முழங்கால் வலி இருந்தால் வேண்டாம், படிகள் குறுகலாகச் சுற்றிச் சுற்றிப் போகும்.

கேள்வி: எல்லாமே போருக்குப் பிறகு கட்டியதாமே? அப்படியென்றால் பழைய நகரம் என்பதே போலிதானே? (சிங்கப்பூரிலிருந்து)

இந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்தேன். நானும் முதல் வருடம் இதையே நினைத்து, அந்த வீடுகளை நாடக மேடைத் தட்டி போலத்தான் பார்த்தேன்.

நடந்தது இது. 1944இல் ஹிட்லர் இந்த ஊரைக் கோட்டை என்று அறிவித்தார். 1945 பிப்ரவரியில் சோவியத் படை சுற்றி வளைத்தது. முற்றுகை ஏறக்குறைய மூன்று மாதம் நீடித்தது. பெர்லினே விழுந்த பிறகுதான், மே 6ஆம் தேதி, இது சரணடைந்தது. ஊரை இடித்ததில் குண்டுகளுக்கு மட்டுமல்ல, உள்ளே இருந்த ஜெர்மானியப் படைக்கும் பங்கு உண்டு. விமான ஓடுபாதை போடுவதற்காக நகரின் நடுவே தெருத் தெருவாக வீடுகளைத் தகர்த்தார்கள். இன்று டிராம் ஓடும் க்ருன்வால்ட் சதுக்கம் அந்த ஓடுபாதை இருந்த இடம்தான். போர் முடிந்ததும் எல்லை மாறி ஊர் போலந்துக்கு வந்தது. ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்டார்கள். சோவியத்திடம் போய்விட்ட ல்வூஃப் (இப்போது உக்ரைனின் லிவிவ்) போன்ற கிழக்குப் பகுதிகளிலிருந்து, வீடிழந்த போலந்துக்காரர்கள் வந்து குடியேறினார்கள். மிஞ்சியிருந்த செங்கற்களில் ஏராளமானவை வார்சாவைக் கட்ட ரயிலேறின.

அப்படி ஒரு ஊரில், தங்கள் தாத்தா பார்த்தேயிராத வீடுகளை 1950களில் நிமிர்த்தி வைத்தார்கள். பல வீடுகளில் முகப்பு பழைய தோற்றத்தில் இருக்கும், உள்ளே சாதாரண அடுக்குக் குடியிருப்புதான். சதுக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நாடகாசிரியர் ஃப்ரெத்ரோவின் சிலை முன்பு ல்வூஃபில் இருந்தது, 1956இல் இங்கே நிறுவினார்கள். அதாவது ஊரே இடம்பெயர்ந்தவர்களுடையது, சிலை உட்பட. நம் கோபுரங்களுக்குக் குடமுழுக்கின்போது புது வண்ணம் அடிக்கிறோம், அதைப் போலி என்று யாரும் சொல்வதில்லை. மஞ்சளும் செங்காவியும் வெளிர்பச்சையும் அங்கே தானாக மிஞ்சியவை அல்ல. யாரோ உட்கார்ந்து முடிவு செய்து அடித்த நிறங்கள். இது தெரிந்த பிறகு எனக்கு அந்தச் சதுக்கம் முன்னைவிட அதிகமாகப் பிடித்துப்போனது.

போரில் தப்பியதைத்தான் பார்க்க வேண்டும் என்றால் பல்கலைக்கழகத்தின் லியோபோல்டினா மண்டபத்துக்குப் போங்கள். 18ஆம் நூற்றாண்டு பரோக் பாணி. கூரை முழுக்க ஓவியம், கழுத்து வலிக்கும்.

கேள்வி: அம்மாவுக்கு வயது 68. நிறைய நடக்க முடியாது. பூங்காக்கள் அவருக்குச் சரிப்படுமா? (சென்னையிலிருந்து)

ரொம்பச் சரிப்படும். தரை சமம், பெஞ்சுகள் நிறைய. ஒரே ஒரு பூங்கா என்றால் ஷ்சித்னித்ஸ்கி. ஊரின் கிழக்கில், சுமார் நூறு ஹெக்டேர், டிராம் வாசலிலேயே இறக்கிவிடும். முழுவதையும் சுற்ற நினைக்காதீர்கள். நான் அழைத்துப்போகும் வழி இது.

டிராமிலிருந்து இறங்கியதும் நூற்றாண்டு மண்டபம். மாக்ஸ் பெர்க் வடிவமைத்து 1913இல் திறந்தது, யுனெஸ்கோ பட்டியலில் 2006இல் சேர்ந்தது. உள்வட்டம் மட்டும் 65 மீட்டர் குறுக்களவு, நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. வெளியிலிருந்து பார்த்தால் அம்மா “இது என்ன, குடோனா?” என்று கேட்கலாம். என் அம்மா கேட்டார். உள்ளே போன பிறகு பேசவில்லை. அதன் பின்பக்கம் குளத்தைச் சுற்றி அரைவட்டமாகத் தூண்களின் வரிசை, மேலே கொடி படர்ந்திருக்கும். அக்டோபரில் அந்த இலைகள் ரத்தச் சிவப்பாகும். கோடை மாதங்களில் குளத்தில் இசையோடு நீரூற்று ஆடும். நல்ல நிழல் இருக்கிறது, அம்மாவை அங்கே அரை மணி உட்கார வையுங்கள்.

அங்கிருந்து ஐந்து நிமிட நடையில் ஜப்பானியத் தோட்டம். 1913இல் இங்கே நடந்த கண்காட்சிக்காக ஃபிரிட்ஸ் ஃபொன் ஹோக்பெர்க் என்ற பிரபு, அராய் மான்கிச்சி என்ற ஜப்பானியத் தோட்டக்காரரை வைத்து அமைத்தது. 1990களில் ஜப்பானிய நிபுணர்கள் உதவியோடு புதுப்பித்தார்கள். திறந்து இரண்டு மாதம் போலத்தான் ஆகியிருக்கும், 1997 ஜூலை வெள்ளம் வந்து செடிகளில் பெரும்பகுதியை அழித்துவிட்டது. மறுபடியும் நட்டு 1999இல் திறந்தார்கள். ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான் திறந்திருக்கும், கட்டணம் உண்டு. பாலத்தில் படி இருக்கிறது, கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மே மாதமென்றால் பூங்காவெங்கும் ரோடோடென்ட்ரான் பூத்திருக்கும், நம் ஊட்டி மலைக்காடுகளில் செக்கச்செவேலென்று பூக்குமே, அதன் உறவு.

ஊருக்குள்ளேயே வேண்டுமென்றால் பழைய நகரைச் சுற்றியுள்ள அகழியோரம். 1807இல் நெப்போலியன் படை ஊரைப் பிடித்ததும் கோட்டை மதிலை இடிக்கச் சொன்னது. மதில் போன இடத்தில் மரம் வந்தது, அகழியில் இப்போது வாத்து நீந்துகிறது. 1811இல் தொடங்கிய தாவரவியல் தோட்டமும் அப்படிக் கிடைத்த நிலத்தில்தான் இருக்கிறது. அங்குள்ள குளம் ஓட்ராவின் பழைய கிளை.

கேள்வி: குழந்தைகள் ஆறு, ஒன்பது வயது. கட்டடம் பார் என்றால் அழுவார்கள். (டப்ளினிலிருந்து)

குள்ளர்களைத் தேடச் சொல்லுங்கள். முழங்காலுக்கும் கீழே இருக்கும் வெண்கலக் குள்ளர்கள் நூற்றுக்கணக்கில் ஊரெங்கும் நிற்கிறார்கள்: துணி துவைப்பவர், தூங்குபவர், பாறையைத் தள்ளுபவர். வரைபடமும் கிடைக்கும். கதையை நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள். 1980களில் கம்யூனிச அரசுக்கு எதிரான வாசகங்களை சுவரில் எழுதினால் போலீஸ் வந்து வெள்ளையடிக்கும். ‘ஆரஞ்சு மாற்று’ என்ற இயக்கத்துப் பிள்ளைகள் அந்த வெள்ளைத் திட்டுகளின் மேல் குள்ளர்களை வரைந்தார்கள். குள்ளனை வரைந்ததற்குக் கைது செய்தால் ஊர் சிரிக்கும், விட்டாலும் சிரிக்கும். அதன் நினைவாக 2001இல் ஷ்விட்னிட்ஸ்கா தெருவில் முதல் குள்ளர் சிலை வைத்தார்கள். பிறகு கடைக்காரர்களும் நிறுவனங்களும் ஆளுக்கொன்று வைக்கத் தொடங்கி, இப்போது பாதி விளம்பரம்தான். பிள்ளைகளுக்கு அதெல்லாம் தெரிய வேண்டாம்.

கேள்வி: நான் கட்டடக்கலை மாணவி. சுற்றுலாப் பயணிகள் பார்க்காமல் விடுவது எது மேடம்? (மதுரையிலிருந்து)

ஷ்சித்னித்ஸ்கி பூங்காவை ஒட்டியுள்ள வூவா குடியிருப்பு. 1929இல் வெர்க்புண்ட் என்ற ஜெர்மானிய வடிவமைப்பாளர் அமைப்பு நடத்திய வீட்டுக் கண்காட்சிக்காகக் கட்டியது. அலங்காரமே இல்லாத வெள்ளைச் சுவர், தட்டைக் கூரை. கட்டடக் கலைஞர் ஹான்ஸ் ஷரூன் கட்டியது மட்டும் கப்பல் போல வளைந்து நிற்கும். ரினெக்கிலேயே 1931 வாக்கில் எழுந்த உயர வங்கிக் கட்டடம் ஒன்று வண்ண வீடுகளுக்கு நடுவே துருத்திக்கொண்டு நிற்கிறது. எனக்கு அது பிடிக்காது, உங்கள் ஆசிரியர்களுக்குப் பிடிக்கலாம். க்ருன்வால்ட் சதுக்கத்தில் யாத்விகா கிராபோவ்ஸ்கா ஹவ்ரிலாக் என்ற பெண் கட்டடக் கலைஞர் 1970களில் எழுப்பிய கான்கிரீட் அடுக்குமாடிகளை அவசியம் பாருங்கள். பால்கனிகள் வட்ட வட்டமாக இருப்பதால் ஊர்க்காரர்கள் ‘கழிப்பறை இருக்கை’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: பணம் கொடுத்துப் பார்க்கும் இடமாக இல்லாமல், மக்கள் வாழும் இடத்தில் வண்ணம் உண்டா? (யாழ்ப்பாணத்திலிருந்து)

ஆற்றுக்கு வடக்கே நாதோத்ஷெ என்ற பகுதி. ரூஸ்வெல்ட் தெருவில் அழுக்கேறிய ஒரு வாசலுக்குள் நுழைந்தால் முற்றத்துச் சுவர் முழுக்க ஓவியம்: பூ, விலங்கு, பல ஊர் ஓவிய பாணிகள். கலைஞர்களோடு சேர்ந்து குடியிருப்பவர்களே வரைந்தது. அங்கே துணி காயும், பாட்டி ஜன்னலிலிருந்து பார்ப்பார். வணக்கம் சொல்லிவிட்டுப் படம் எடுங்கள், சத்தம் வேண்டாம்.

கேள்வி: சைவம் சாப்பிடுபவர் பிழைக்க முடியுமா? (கோவையிலிருந்து)

முடியும். பியெரோகி ருஸ்கியெ என்று கேளுங்கள். உருளைக்கிழங்கும் பால்கட்டியும் பூரணமாக வைத்த மைதாக் கொழுக்கட்டை. ஆனால் மேலே வறுத்த பன்றிக் கொழுப்பைத் தூவிவிடுவார்கள், முதலிலேயே ‘பெஸ் ஸ்க்வாரெக்’ என்று சொல்லி வேண்டாம் என்றுவிடுங்கள். கம்யூனிச காலத்து ‘பால் பார்’ கடைகள் இன்னும் இருக்கின்றன. சலுகை விலையில் அப்பமும் சூப்பும் கிடைக்கும், தட்டை நீங்களே கொண்டுபோய் வைக்க வேண்டும்.

கேள்வி: எந்த மாதம்?

மே கடைசி அல்லது அக்டோபர் முதல் பாதி. டிசம்பரில் கிறிஸ்துமஸ் சந்தை அழகுதான், ஆனால் நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும். வீடுகளின் நிறம் எதுவும் கண்ணில் படாது.

கேள்வி: மாலையில் என்ன செய்வது? குடிப்பழக்கம் இல்லை. (தோஹாவிலிருந்து)

ஓஸ்த்ரூஃப் தூம்ஸ்கிக்குப் போங்கள், பேராலயம் இருக்கும் பழைய தீவு. அந்தத் தெருக்களில் இன்னும் எரிவாயு விளக்குகள், சுமார் நூறு. அந்தி சாய்ந்ததும் கறுப்பு மேலங்கியும் உயரத் தொப்பியும் அணிந்த ஒருவர் நீளக் கோலோடு வந்து ஒவ்வொன்றாக ஏற்றுவார். கூட்டம் பின்னாலேயே ஓடும். நீங்கள் ஓடாமல் ஏதாவது ஒரு மூலையில் நின்றால் அவரே உங்களிடம் வருவார். திரும்பும்போது உப்புச் சதுக்கம் வழியாக வாருங்கள். முன்பு உப்பு விற்ற இடம், இப்போது பூக்கடைகள், நள்ளிரவிலும் திறந்திருக்கும். இரவு ஒரு மணிக்கு யார் பூ வாங்குகிறார்கள் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். ஒரு நாள் நானே வாங்கினேன்.

கேள்வி: கவனமாக இருக்க வேண்டியது ஏதாவது?

டிராம் டிக்கெட். வண்டிக்குள்ளேயே இயந்திரத்தில் வங்கி அட்டையைத் தொட்டு வாங்கலாம், தாள் வராது, அந்த அட்டைதான் டிக்கெட். நான் ஒரு அட்டையில் வாங்கிவிட்டுப் பரிசோதகரிடம் இன்னொன்றை நீட்டி அபராதம் கட்டினேன். அப்புறம் கழிப்பறைக் கதவு: முக்கோணம் ஆண்களுக்கு, வட்டம் பெண்களுக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், உணவகங்களுக்குப் பிரச்சினை இல்லை. வாடகை வீட்டில் தங்கி காபி போடுபவர் என்றால் சனிக்கிழமையே பால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.