பழசு போலக் கட்டிய காருக்கு ‘வின்டேஜ்’ நம்பர் கிடைக்குமா?

கேள்வி: கோவையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஒன்பது லட்சம் கொடுத்து, 2014 மாடல் ஜீப்பின் சேஸிஸில் 1930களின் கார் போலப் பாடி கட்டிய வண்டியை ஆறு மாதம் முன்பு வாங்கினேன். ஆர்.சி. புக்கில் இன்னும் ஜீப்தான். ‘வின்டேஜ் நம்பர் வாங்கிக்கொள்ளலாம்’ என்றார்கள். முடியுமா? அப்பாவின் 1968 பியட்டுக்கும் வாங்கலாமா?

பதில்: முதலில் ஜீப்பை ஷெட்டில் நிறுத்துங்கள். அதற்கு வின்டேஜ் நம்பர் கிடைக்காது.

2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் வின்டேஜ் வண்டிகளுக்காக 81ஏ முதலான விதிகளைச் சேர்த்தார்கள். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டியிருக்க வேண்டும்; சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் கூடாது. பார்க்கப் பழசாக இருப்பது கணக்கில் வராது. உங்கள் வண்டிக்கு வயதும் இல்லை, பாடியும் மாறிவிட்டது.

அதைவிடப் பெரிய தலைவலி, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு. தயாரிப்பாளர் சொன்ன விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பதை, 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொல்லிவிட்டது. மீறினால் 182ஏ பிரிவின்படி உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். கட்டிக் கொடுத்தவர் அல்ல, நீங்கள்தான் உரிமையாளர். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனியும் இதையே பிடித்துக்கொள்ளும்.

ஜீப்பின் பழைய பாடி இருக்கிறதா, இரும்புக் கடைக்குப் போய்விட்டதா என்று ஒர்க்‌ஷாப்பில் கேளுங்கள். இருந்தால், அவர்கள் செலவில் பழையபடி மாற்றித் தரச் சொல்லி நோட்டீஸ் அனுப்பலாம். மறுத்தால், கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடுங்கள். ஒன்பது லட்சத்துக்குக் கட்டணம் 200 ரூபாய்தான். ‘தெரிந்துதானே வாங்கினார்’ என்பார்கள். வின்டேஜ் நம்பர் பற்றி வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தால் அந்த போனை மாற்றிவிடாதீர்கள். அதுதான் உங்கள் வழக்கு.

பியட் விஷயம் வேறு. கை வைக்காத வண்டி என்றால் தகுதி உண்டு. பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே நம்பர் இல்லாத வண்டிகளுக்குத்தான் ‘வி.ஏ.’ வரிசை, அதற்குக் கட்டணம் 20,000, பத்து ஆண்டுக்குச் செல்லும். ஆனால் வின்டேஜ் ஆகிவிட்டால் ரேலி, கண்காட்சி, பெட்ரோல், பராமரிப்பு போன்ற வேலைகளுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். அப்பா தினமும் காய்கறி வாங்க அதில்தான் போகிறார் என்றால், எப்.சி. காட்டி வழக்கம்போல் ஆர்.சி.யைப் புதுப்பித்துக்கொண்டே போங்கள்.