வெந்நீர் ஊற்றில் குளிக்க ஒரே ஓர் இடம்தான் போக முடியும் என்றால் எங்கே போகலாம்?

ஜப்பானில் குன்மா மாகாணத்து குசாட்ஸு. வேறு ஊற்றுகளிலும் குளித்திருக்கிறேன். ஆனால் நீரின் வீரியத்தை உடம்பு உணர்ந்தது இங்கேதான். டோக்கியோவிலிருந்து நகனோஹரா-குசாட்ஸுகுச்சி வரை ரயில், அப்புறம் சுமார் 25 நிமிடம் பஸ். கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரம், அதனால் கோடையிலும் குளுகுளு.

ஊரின் நடுவே யுபாதாகே என்ற ஊற்று. நிமிடத்துக்குச் சுமார் 4,000 லிட்டர் வெந்நீர் அங்கே பொங்கி, வரிசையாகப் போட்ட மரக் கால்வாய்களில் ஓடி, கொஞ்சம் சூடு தணிகிறது. அழுகிய முட்டை போன்ற கந்தக வாடைக்கு மூக்கு சீக்கிரமே பழகிவிடும்.

ஊற்றில் சூடு 50 டிகிரிக்கு மேல். பச்சைத் தண்ணீர் விட்டு விளாவினால் சுலபம்தான், ஆனால் நீரின் சத்து நீர்த்துப்போகும் என்று இந்த ஊர்க்காரர்கள் அதைச் செய்யவில்லை. நீளமான மரப் பலகைகளால் தொட்டி நீரைப் புரட்டிப் புரட்டி ஆற்றினார்கள். யுமோமி என்ற அந்த வழக்கத்தை இன்றும் பாட்டோடு செய்து காட்டுகிறார்கள். தவறாமல் பாருங்கள்.

நீரின் புளிப்பு கிட்டத்தட்ட எலுமிச்சைச் சாறு அளவுக்கு இருக்கும். ஊரைக் கடந்து ஓடும் ஆற்றில் 1964 முதல் இரவு பகலாகச் சுண்ணாம்பு கரைத்து விடுகிறார்கள். இல்லாவிட்டால் கீழே மீன் வாழாது, பாலத்து கான்கிரீட்டையும் அரித்துவிடும். அப்பேர்ப்பட்ட நீர் என்பதால் காயம் இருந்தால் நன்றாக எரியும், கண்ணில் படவே கூடாது. மெட்டி, கொலுசு என்று வெள்ளி எது இருந்தாலும் கழற்றிவிட்டுப் போங்கள், கறுத்துவிடும்.

பெரிய விடுதிக் குளியலைவிட, யுபாதாகே பக்கத்திலேயே உள்ள ஷிரஹதா-நோ-யு என்ற சின்னப் பொதுக் குளியலைத்தான் நான் சொல்வேன். கட்டணம் கிடையாது. ஆண், பெண் தனித்தனி. துணியில்லாமல்தான் இறங்க வேண்டும். நம்மவர்கள் பலர் இதற்காகவே தயங்குகிறார்கள், தயங்காதீர்கள். அங்கே யாரும் யாரையும் பார்ப்பதில்லை. முதலில் வாளியில் மொண்டு காலிலிருந்து மேலே ஊற்றி உடம்பைப் பழக்குங்கள். சிறு துண்டு தொட்டி நீரில் படக் கூடாது. முதல் முறை சில நிமிடம் போதும், ஏறி வந்து ஆறி, மறுபடி இறங்கலாம். மென்மையான சருமம் என்றால் கடைசியில் நல்ல தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள். இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம்.

காலையில் போய் மாலையில் திரும்பும் திட்டம் மட்டும் போடாதீர்கள். ஓர் இரவாவது தங்கினால்தான் கூட்டம் வருவதற்கு முன் விடியற்காலையில் நிதானமாகக் குளிக்க முடியும்.