பிஐபி அட்டைக்கு ஏழு வருட அனுபவம் போதாதா?

டெல்லியில் ஏழு வருடமாக எந்த நிறுவனத்திலும் சேராமல் தனியாக எழுதுகிறீர்கள், மத்திய அரசின் பத்திரிகை தகவல் அலுவலகம் (பிஐபி) நிருபர்களுக்குத் தரும் அங்கீகார அட்டை மறுக்கப்பட்டுவிட்டது, நான் எழுதியதுதான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் வருடக் கணக்கைப் பாருங்கள். 2022 பிப்ரவரியில் வந்த மத்திய ஊடக அங்கீகார வழிகாட்டுதல்களின்படி, நிறுவனத்தில் முழுநேரம் வேலை செய்பவருக்கு 5 வருட அனுபவம் போதும். உங்களைப் போன்றவர்களுக்கு 15 வருடம் வேண்டும். இது அநியாயம் என்றுதான் எனக்குப் படுகிறது. ஏதாவது பத்திரிகை உங்களை முழுநேர டெல்லி நிருபராக எடுத்துக்கொண்டால், அவர்கள் மூலம் விண்ணப்பிக்கலாம். அப்போதும் பாதுகாப்பு விசாரணை உண்டு.

உங்கள் சந்தேகத்திலும் நியாயம் இருக்கிறது. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, ஒழுக்கம், அவதூறு என்று காரணம் காட்டி, கொடுத்த அட்டையையே திரும்ப வாங்க அதே விதிகளில் இடம் உண்டு. எது ஒழுக்கக்கேடு என்று அரசே முடிவு செய்தால் நிருபர் எப்படித் தைரியமாக எழுதுவார்?

நாடாளுமன்றச் செய்தியாளர் மாடத்துக்கான அனுமதி வேறு, அதை அவைச் செயலகங்கள் தருகின்றன. அட்டை இல்லாமல் செய்தி எழுதச் சட்டத் தடை எதுவும் இல்லை, அதனால் வேலையை நிறுத்தாதீர்கள். மறுப்புக்குக் காரணம் எழுத்தில் வரவில்லையா? சரி, 10 ரூபாய் கட்டி தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி (ஆர்டிஐ) மனு போடுங்கள், விண்ணப்பம் தொடர்பான கோப்புக் குறிப்புகளின் நகலையும் சேர்த்துக் கேளுங்கள்.