வண்டி கேள்வி பதில்: ரிவர்ஸ் போடுறதுக்கு முன்னாடி குழந்தை எங்க இருக்கு?

போன இதழ்ல ரிவர்ஸ் கேமரா பத்தி ரெண்டே வரி எழுதினேன், அதுக்கு வந்த கேள்விங்க மத்த எல்லாத்தையும் ஓரங்கட்டிடுச்சு. அதனால இந்த மாசம் டயர், மைலேஜ் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், முழுக்க முழுக்க பின்னாடி பாக்குற விஷயம்தான்.

யாங்கோன் தாமுவே வாசகி: எங்க வீட்டுக்காரர் டொயோட்டா ப்ரோபாக்ஸ் கார் வச்சு டாக்ஸி ஓட்டுறார். வண்டி நிக்கிறது சந்துக்குள்ள, வாசலை ஒட்டி. மூணு வயசு பொண்ணு, அப்பா கிளம்புறார்னா போதும், செருப்பு கூட போடாம ஓடி வந்துடுவா. எனக்கு தினமும் வயித்துல நெருப்பு. கேமரா போட்டா சரியாயிடுமா? எந்த கேமரா நல்லது?

கேமரா போடுங்க அக்கா, வேணாம்னு சொல்ல மாட்டேன். ஆனா நீங்க எழுதினதுலயே பதில் இருக்கு பாருங்க, "அப்பா கிளம்புறார்னா ஓடி வந்துடுவா". ஆபத்து அந்த ஒரு நிமிஷத்துலதான். அம்மா சமையல்கட்டுல இருப்பாங்க, பாட்டிகிட்ட இருக்கான்னு நினைப்பாங்க, பாட்டி அம்மாகிட்ட இருக்கான்னு நினைப்பாங்க, அப்பா ரெண்டு பேர்ல ஒருத்தர்கிட்ட இருக்கான்னு நினைச்சு கியர் போடுவார். டாட்டா காட்டுறதை முதல்ல முடிச்சிடுங்க. யாராவது ஒருத்தர் குழந்தையை இடுப்புல தூக்கிட்டு, அவர் ஜன்னல் பக்கம், அவர் கண்ணுக்கு நேரா நிக்கணும். நம்ம பர்மாவுல பாதிக்கு மேல ஸ்டியரிங் வலது பக்கம் இருக்கிற ஜப்பான் வண்டிதானே, அதனால வலது ஜன்னல் பக்கம் நின்னா அவர் கை எட்டுற தூரம். குழந்தையை பாத்த பிறகுதான் இன்ஜின் ஸ்டார்ட் ஆகணும். அவர் கண்ணுக்கு தெரியலைனா வண்டி நகரக் கூடாது, சவாரி காத்திருந்தாலும் சரி.

இப்ப கேமராவுக்கு வர்றேன். அதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை இதை செஞ்சு பாருங்க. எல்லார் வீட்லயும் 20 லிட்டர் தண்ணி பாட்டில் இருக்குமே, அதை வண்டிக்கு பின்னாடி பம்பரை ஒட்டி வைங்க. மூணு வயசு குழந்தை குந்தி உக்காந்து கல்லு பொறுக்கினா ஏறக்குறைய அந்த உயரம்தான். வீட்டுக்காரரை டிரைவர் சீட்ல உக்கார வச்சு, தலையை தூக்காம, எப்பவும் ஓட்டுற மாதிரியே உக்காந்து நடு கண்ணாடியில பாக்க சொல்லுங்க. தெரியாது. நீங்க பாட்டிலை கொஞ்சம் கொஞ்சமா பின்னாடி நகத்திட்டே போங்க, அவர் "இப்ப தெரியுது"ன்னு சொல்ற இடத்துல சாக்பீஸால கோடு போடுங்க. அந்த கோட்டுக்கும் பம்பருக்கும் நடுவுல இருக்கிற இடம் மொத்தமும் அவருக்கு இருட்டு. எவ்ளோ தூரம்னு நான் சொல்லப் போறதில்ல, ஏன்னா அது வண்டிக்கு வண்டி, டிரைவர் உயரத்துக்கு உயரம் மாறும், அவர் குள்ளமா இருந்தா இன்னும் நீளும், டிக்கியில மூட்டை ஏத்தி பின் கண்ணாடியை மறைச்சா இன்னும் மோசம். கோட்டை பாத்ததும் அவரே கேமரா வாங்கிட்டு வருவார், நீங்க சண்டை போட வேண்டாம்.

வாங்கும்போது பிராண்டை விட மூணு விஷயம் பாருங்க. ஒண்ணு, படம் இடது வலது மாறி தெரியக் கூடாது. கண்ணாடியில தெரியுற மாதிரியே வரணும், அதாவது இடது பக்கம் நிக்கிற ஆள் ஸ்கிரீன்லயும் இடது பக்கமே இருக்கணும். மலிவு கேமராவுல சின்னதா ஒரு வயர் வளைஞ்சு இருக்கும், அதை வெட்டினா படம் திரும்பிக்கும், தெரியாம வெட்டி தலைகீழா ஓட்டுற ஆளுங்களும் இருக்காங்க. ரெண்டு, ராத்திரி சந்துல கரண்ட் இல்லாதப்போ தெரியுதான்னு கடையிலயே இருட்டான மூலையில வச்சு பாருங்க, அப்படியே வண்டியோட ரிவர்ஸ் பல்பு எரியுதான்னும் பாருங்க, அது எரியலைனா கேமராவுக்கு வெளிச்சமே கிடையாது. மூணு, கியர் போட்டதும் படம் எவ்ளோ சீக்கிரம் வருது. அமெரிக்காவுல 2 செகண்டுக்குள்ள வரணும்னு சட்டமே வச்சிருக்காங்க. படம் வர்ற வரைக்கும் பிரேக்ல இருந்து கால் எடுக்க வேண்டாம்னு சொல்லுங்க. மழை காலத்துல லென்ஸ்ல சேறு அப்பிக்கும், காலையில கண்ணாடி துடைக்கும்போது அதையும் விரலால ஒரு தடவை துடைச்சா போதும்.

மோல்மீன் வாசகர்: நான் வாங்கின ஜப்பான் எஸ்யூவி-ல முன்னாடி இடது ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேல உள்ள தகடு) மேல குட்டியா ஒரு கண்ணாடி இருக்கு, பாக்க அசிங்கமா இருக்கு. பின் கதவு மேல உள்ள இன்னொரு கண்ணாடியையும் எதுக்குனே தெரியல. கழட்டிடலாமா?

ஐயோ அண்ணே, கழட்டிடாதீங்க! உங்க வண்டியிலயே உருப்படியான சாமான் அது ரெண்டும்தான்.

ஜப்பான்ல இடது பக்கம் ஓட்டுவாங்க, ஸ்டியரிங் வலது. அப்ப நடைபாதை இருக்கிறது டிரைவருக்கு எட்டாத இடது பக்கம். உயரமான வண்டியில இடது முன் சக்கரத்தை ஒட்டி குழந்தை நின்னா டிரைவருக்கு தெரியவே தெரியாது. அதனால அங்க ஒரு விதி இருக்கு, 1 மீட்டர் உயரம், 30 சென்டிமீட்டர் குறுக்களவுல ஒரு குழாயை வண்டிக்கு முன்னாடியும் இடது பக்கமும் வச்சா டிரைவருக்கு அது நேராவோ கண்ணாடியிலயோ கேமராவுலயோ தெரியணும். 6 வயசு பிள்ளையோட அளவுக்கு அந்த குழாய். அதுக்காக வந்ததுதான் உங்க குட்டி கண்ணாடி.

இப்ப நம்ம கதைக்கு வருவோம். 1970 டிசம்பர்ல பர்மாவுல இடது பக்கம் ஓட்டிட்டு இருந்த எல்லாரையும் ஒரே நாள்ல வலது பக்கம் ஓட்ட சொல்லிட்டாங்க, வண்டிங்க மட்டும் பழையபடி வலது ஸ்டியரிங்காவே நின்னுடுச்சு, 2011-க்கு பிறகு ஜப்பான் பழைய வண்டி வெள்ளமா வந்தப்போ அதுவும் வலது ஸ்டியரிங்தான். விளைவு என்னன்னா, ஓரமா நிறுத்தினா நீங்க நடைபாதையை ஒட்டி உக்காந்திருப்பீங்க, அந்த பக்கம் தலையை வெளிய நீட்டினாலே தெரியும். தெரியாத பக்கம் நடு ரோட்டு பக்கம். எதிர் வீட்டுல இருந்து பந்தை துரத்திட்டு வர்ற பையன் உங்க இடது பின் மூலையிலதான் வருவான், அங்கதான் பக்கத்து சீட்டோட தலையணையும் கூரையை தாங்குற பின் தூணும் சேந்து மறைக்குது. ஜப்பான்காரனுக்கு குருடா இருந்தது நடைபாதை, நமக்கு குருடா இருக்கிறது ரோடு, ஆனா பக்கம் அதே இடதுதான். அதனால ரிவர்ஸ் எடுக்குறப்போ இடது சைடு கண்ணாடியை கொஞ்சம் கீழ சாய்ச்சு வைங்க, பின் சக்கரம் தெரியுற அளவுக்கு.

பின் கதவு மேல இருக்கிறது பம்பருக்கு கீழ பாக்குறதுக்கு. நடு கண்ணாடி வழியா பாத்தா பின் கண்ணாடிக்கு அப்பால அந்த குட்டி கண்ணாடி தெரியும், அதுக்குள்ள உங்க பம்பரும் தரையும் தெரியும். கறுப்பு ஃபிலிம் ஒட்டி, திரைச்சீலை போட்டு, தலையணை வச்சு அதை மூடிடுறாங்க, என்னத்த சொல்ல.

பெகு வாசகர்: என் கேன்டர் லாரியில கேமரா போட்டேன், ஒரே வாரத்துல புகைஞ்சிடுச்சு. திரும்ப வாங்கணுமா, இல்ல ஸ்பேர் பையனையே (கூட வர்ற உதவியாள்) பின்னாடி நிக்க வச்சு எடுக்கவா?

கார் கேமரா 12 வோல்ட், உங்க லாரி 24 வோல்ட், பின்ன புகையாம என்ன செய்யும். நடுவுல 24-ல இருந்து 12-க்கு இறக்குற கன்வெர்ட்டர் போடணும், இல்லைனா லாரிக்குன்னே வர்ற கேமரா வாங்கணும். எலக்ட்ரீசியன் இதை கேக்காம வயர் இழுத்திருந்தா அடுத்த தடவை வேற ஆள் பாருங்க.

ஸ்பேர் பையனை நிறுத்துறது நல்லதுதான், ஆனா எங்க நிறுத்துறீங்கங்கிறதுதான் விஷயம். நேர் பின்னாடி நின்னு "வா வா"ன்னு கை ஆட்டிட்டே பின்னாலயே நடப்பானுங்க, காலு தடுக்கினா முடிஞ்சது. பின் மூலைக்கு வெளிய, உங்க சைடு கண்ணாடியில முழு ஆளா தெரியுற இடத்துல நிக்கணும். அவன் கண்ணாடியில காணோம்னா நீங்க நின்னுடணும், அவன் சத்தம் கேக்குதேன்னு எடுக்கக் கூடாது. ஃபோன் பாத்துட்டே கை ஆட்டுறவனை வண்டியில ஏத்தாதீங்க.

அப்புறம் உங்க லாரி ரிவர்ஸ் போட்டா ஜப்பான் பொம்பளை குரல் பேசுமே, அதை நம்பி இருக்காதீங்க. இங்க சின்ன பசங்களுக்கு அது விளையாட்டு, அதே மாதிரி கத்திட்டு லாரி கிட்ட ஓடி வர்றதை நான் பாத்திருக்கேன்.

இன்சின் வாசகர் (வயசு எழுபதுன்னு எழுதியிருக்கார்): நான் அம்பது வருஷமா கழுத்தை திருப்பித்தான் ரிவர்ஸ் எடுக்குறேன். கேமரா சென்சார் எல்லாம் ஓட்டத் தெரியாதவங்களுக்கு. சரிதானே?

கழுத்தை திருப்புறதை விட்டுடாதீங்க ஐயா. ஆனா இதை மட்டும் கேளுங்க. 2002-ல அமெரிக்காவுல நியூயார்க் பக்கம் ஒரு அப்பா, தொழில் என்ன தெரியுமா, குழந்தை டாக்டர். ராத்திரி வீட்டு வாசல்ல வண்டியை ரிவர்ஸ் எடுத்தார். கண்ணாடி பாத்தார், திரும்பியும் பாத்தார். ரெண்டு வயசு மகன் பின்னாடி வந்து நின்னது தெரியல. வண்டி உயரமான எஸ்யூவி. அந்த குழந்தை கேமரன் பேர்லதான் 2008-ல அங்க சட்டம் வந்துச்சு, அந்த அப்பாவே அதுக்காக அலைஞ்சார். விதி எழுதி முடிக்கவே 2014 ஆயிடுச்சு. 2018 மே 1-ல இருந்து அங்க விக்கிற புது கார், எஸ்யூவி, பிக்கப் எல்லாத்துலயும் பின்னாடி 10 அடி அகலம் 20 அடி நீளம் தெரியணும், அதாவது நடைமுறையில கேமரா கட்டாயம். ஜப்பான்லயும் 2022 மே-ல இருந்து புது மாடலுக்கு பின்னாடி பாக்குற கருவி கட்டாயமாச்சு.

அந்த விதி வந்தப்போ அமெரிக்க அரசு போக்குவரத்து பாதுகாப்பு துறை போட்ட கணக்கு, ரிவர்ஸ்ல அடிபட்டு வருஷத்துக்கு சராசரி 210 பேர் சாவு, 15,000 பேருக்கு காயம். செத்தவங்கள்ல 31 சதவீதம் அஞ்சு வயசுக்கு கீழ உள்ள குழந்தைங்க. 26 சதவீதம் எழுபதும் அதுக்கு மேலயும், உங்க வயசுக்காரங்க ஐயா, வண்டிக்கு வெளிய நின்னவங்க.

கேமரா வந்ததும் எல்லாம் நின்னுடுச்சான்னா இல்ல. அங்க பாத்த ஆய்வுல ரிவர்ஸ் விபத்து கேமராவால குறைஞ்சது 17 சதவீதம்தான். கேமரா, சென்சார், தானா பிரேக் போடுறது மூணும் சேந்த வண்டியில 78 சதவீதம் குறைஞ்சிருக்கு. ஸ்கிரீன் இருந்தாலும் மனுஷன் அதை பாக்கணுமே. சென்சார் மட்டும் வச்சிருக்கிறவங்களுக்கு ஒண்ணு, அது சுவரு தூணுக்கு நல்லா கத்தும், துணி போட்ட சின்ன குழந்தைக்கு கத்தும்னு உறுதி கிடையாது.

உங்க கழுத்து இன்னும் முழுசா திரும்புதான்னு நீங்களே சொல்லுங்க. திரும்புச்சுனாலும் டிக்கி மூடிக்கு கீழ இருக்கிறதை கண்ணு ஊடுருவி பாக்காது.

தாக்கேத்தா வாசகி: வண்டி கிட்ட போகாதேன்னு நாலு வயசு பையனுக்கு எப்படி சொல்லிக் குடுக்கிறது?

சொல்லிக் குடுங்க, ஆனா அதை நம்பி வண்டி எடுக்காதீங்க. அந்த வயசுல "எனக்கு வண்டி தெரியுது, அப்ப வண்டிக்கும் நான் தெரியுறேன்"னுதான் நினைப்பு ஓடும். அவனையே டிரைவர் சீட்ல உக்கார வச்சு (சாவி உங்க கையில இருக்கட்டும்), அக்காவை பின்னாடி குந்த வச்சு, "அக்கா எங்க காணோம்?"னு கேளுங்க. சொன்னா ஏறாதது அப்படி பாத்தா ஏறும். மத்தபடி சைக்கிள், பந்தை வண்டி நிக்கிற இடத்துல போட்டு வைக்காதீங்க, அதை எடுக்கத்தான் குழந்தை அங்க போகுது. சாவியையும் எட்டாத இடத்துல மாட்டுங்க.

தாட்டோன் வாசகர்: புத்தாண்டு தண்ணி திருவிழாவுக்கு பிக்கப்ல தண்ணி டிரம் கட்டி பிள்ளைங்களை ஏத்திட்டு போவோம். ஏதாவது கவனிக்கணுமா?

நிறைய இருக்கு. டிரம்மும் பத்து பேரும் ஏறினா நடு கண்ணாடி சுத்தமா செத்துப் போச்சு, கேமரா இருந்தாலும் லென்ஸ்ல தண்ணி. பாட்டு சத்தத்துல வெளிய யார் கத்தினாலும் காதுல விழாது. அந்த நேரம் பாத்து டிரம் ரொப்ப நிறுத்துவீங்க, தெரு பசங்க மொத்தமும் வாளியோட பின்னாடி வந்து ஒட்டிக்கும், பம்பர் மேல ஏறும். பிக்கப்போட பின் கதவு மீட்டருக்கு மேல உயரம், அதுக்கு கீழ எத்தனை தலைன்னு மேல இருக்கிறவங்களுக்கே தெரியாது. அன்னைக்கு ரிவர்ஸே வேண்டாம், ஒரு சுத்து சுத்தி வந்தாலும் முன்னாடி போற மாதிரி நிறுத்துங்க. எடுத்தே ஆகணும்னா பாட்டை நிறுத்திட்டு, டிரைவர் இறங்கி ஒரு சுத்து நடந்து பாத்துட்டு, பீர், சாராயம் எதுவும் குடிக்காத ஒரு ஆளை கீழ நிறுத்திட்டு எடுங்க. இதை டிரைவருக்கும் சேத்துதான் சொல்றேன்.

பேர் போடாத ஒருத்தர்: வீட்டுக்கு வந்ததும் ரிவர்ஸ்ல உள்ள விட்டு நிறுத்தணுமா, நேரா விட்டு நிறுத்தணுமா? வீட்ல இதுக்கு தினம் சண்டை.

ரிவர்ஸ்ல உள்ள விடுங்க. வரும்போது அந்த இடத்தை தாண்டித்தான் வர்றீங்க, என்ன இருக்குன்னு கண்ணால பாத்துட்டீங்க. ராத்திரி பூரா நின்னுட்டு காலையில அவசரத்துல கிளம்புறப்போதான் பின்னாடி என்ன வந்து உக்காந்திருக்குன்னு தெரியாது, அப்ப முகம் முன்னாடி பாத்து இருந்தா பாதி வேலை மிச்சம். உயரமான வண்டினா முன்னாடியும் ஒரு தடவை குனிஞ்சு பாத்துக்கோங்க. சண்டையில ஜெயிச்சது யாருன்னு எழுதுங்க.